ராத்திரி வீட்டில் என்ன கொளுத்துகிறீர்கள்?

வாசகர் கேள்வி – குழந்தை மருத்துவர் பதில்

"குழந்தைகளும் காற்றும் பற்றிக் கேளுங்கள்" என்று போன இதழில் ஒரே ஒரு வரி போட்டோம். வந்த கடிதக் கட்டைப் பார்த்து ஆசிரியர் குழு அசந்துபோனது. எனக்கு ஆச்சரியமில்லை. முப்பத்தோரு வருடமாக வடசென்னையில் கிளினிக் வைத்திருக்கிறேன். மார்கழி பிறந்தால் என் வாசல் பெஞ்சில் உட்கார இடம் கிடைக்காது.

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. மாதம் ஒரு தடவையாவது வீசிங் வந்துவிடுகிறது. நெபுலைசர் வைத்தால் இரண்டு நாள் நன்றாக இருக்கிறான், பிறகு பழைய கதை. வீட்டுக்காரருக்கு ஆலைகள் நிறைந்த மணலியில் வேலை. "இந்த ஊர்க் காற்றே ஆகாது, வீட்டை மாற்று" என்கிறார்கள். மாற்றினால் சரியாகிவிடுமா? – திருவொற்றியூர் வாசகி

பதில்: வீடு மாற்றுவதைப் பற்றிப் பிறகு பேசுவோம் அம்மா. ராத்திரி கொசுவுக்கு என்ன கொளுத்துகிறீர்கள்?

இந்தக் கேள்வியை நான் கேட்க ஆரம்பித்ததே என் தொழில் வாழ்க்கையில் பாதி போன பிறகுதான். அதுவரை மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைப்பேன், "கீச் கீச்" சத்தம் கேட்கும், மருந்து எழுதுவேன், அடுத்த டோக்கன். ஒருநாள் காலை ஆறு மணிக்கு ஒரு பாட்டி நாலு வயதுப் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பையன் சட்டையைத் தூக்கினேன். சட்டை முழுக்கக் கொசுவத்தி வாசனை. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுக்கை. கொசு வரக்கூடாது என்று ஜன்னலைச் சாத்திவிட்டு, பையனுக்குக் கடி அதிகம் என்பதால் சுருளை அவன் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பாசம்! அந்தப் பையனுக்கு நான் அதற்குமுன் ஏழு முறை மருந்து எழுதியிருந்தேன். ஏழு சீட்டிலும் என் கையெழுத்து இருக்கிறது, இந்தக் கேள்வி இல்லை.

2003-இல் மலேசியாவிலும் சீனாவிலும் விற்கும் கொசுவத்திகளை எரித்து அளந்து ஓர் ஆய்வு வெளியானது. ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகளின் எடை, 75 முதல் 137 சிகரெட் புகைத்தால் வரும் அளவு. இங்கே நுண்துகள் என்று நான் சொல்வது, பேப்பரில் 'பி.எம். 2.5' என்று போடுகிறார்களே, அதை. ஒரு மீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 50 முதல் 70 மைக்ரான். இந்தத் துகள் இரண்டரை மைக்ரான், அல்லது அதற்கும் கீழே. மூக்குமுடியும் சளியும் பிடித்து நிறுத்துவதெல்லாம் பெரிய தூசியைத்தான். இது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் மகன் நிமிடத்துக்கு உங்களைவிட வேகமாக மூச்சு விடுகிறான். உடம்பு எடைக்குக் கணக்குப் பார்த்தால் உங்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறான். நுரையீரலோ இன்னும் கட்டி முடியாத வீடு.

ஆகவே முதலில் கொசுவலை, ஜன்னலுக்கு நெட்லான் வலை. பத்து நாள் பாருங்கள். அடுத்தது இன்ஹேலர். "பழகிவிடும்" என்று பயந்து நிறைய அம்மாக்கள் அதைத் தள்ளிப்போடுகிறீர்கள். மூச்சு முட்டும்போது நெபுலைசர், மற்ற நாளில் ஒன்றுமில்லை என்பது தீ பிடித்தபின் மட்டும் தண்ணீர் தேடுவது மாதிரி. ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழாய்) வைத்துத் தினமும் எடுக்கும் தடுப்பு மருந்து இவனுக்குத் தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இந்த வயதில் வீசிங்கைக் கிளப்பிவிடுவதில் சளி வைரஸுக்குத்தான் பெரிய பங்கு. எல்லாப் பழியையும் காற்றின் தலையில் போடவும் முடியாது.

இனி வீடு மாற்றம். கலிஃபோர்னியாவில் ஆய்வுக்கு எடுத்த பிள்ளைகளில் 110 பேர் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் விடாமல் பின்னாலேயே போய் அளந்தார்கள், 2001-இல் முடிவு வந்தது. தூசி குறைந்த ஊருக்குப் போனவர்களின் நுரையீரல் வளர்ச்சி வேகம் பிடித்தது, தூசி கூடிய ஊருக்குப் போனவர்களுக்கு மந்தமானது. ஆகவே உங்கள் உறவுக்காரர்கள் சொல்வது தப்பில்லை. ஆனால் வேலை மணலியில், பள்ளிக்கூடம் பக்கத்தில், வாடகை உங்கள் கைக்குள் என்று இருக்கும்போது "ஊரை மாற்று" என்று சொல்வது எளிது. மாற்ற முடியவில்லை என்றால் அது உங்கள் குற்றமில்லை. முடிந்தால், அதே ஊரிலேயே லாரி போகும் மெயின் ரோட்டிலிருந்து உள்தள்ளிய தெருவாகப் பாருங்கள். டீசல் புகை ரோட்டோரத்தில்தான் அடர்த்தி.

கேள்வி: பேத்திக்கு ஐந்து மாதம். தலைக்கு ஊற்றியபின் சாம்பிராணி காட்டக்கூடாது என்று மருமகள் சண்டை போடுகிறாள். என் நான்கு பிள்ளைகளும் அந்தப் புகையில்தான் வளர்ந்தார்கள். ஒருத்தனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் பெரிய டாக்டர், ஒரு வார்த்தை சொல்லுங்கள். – தஞ்சாவூர் வாசகி

பதில்: ஒரு வார்த்தைதான் வேண்டும் என்றால் "வேண்டாம்" அம்மா. மருமகளிடம் நான் காசு எதுவும் வாங்கவில்லை.

ஆனால் உங்கள் பக்கமும் எனக்குத் தெரியும். என் மகள் பிறந்தபோது என் அம்மா ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் இருந்தாள். சனிக்கிழமை தலைக்கு ஊற்றிவிட்டு, தூபக்காலில் கரித்துண்டைப் போட்டு ஊதி, நுணுக்கிய சாம்பிராணியைத் தூவி, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்ப்பாள். கூடையின் இடுக்குகளில் புகை வடிகட்டின மாதிரி மெல்ல ஏறும். குழந்தையை மடியில் குப்புறப் போட்டு, ஈர முடியைக் கூடைமேல் விரித்துக் கோதிவிடுவாள். அடுத்த பத்தாவது நிமிடம் குழந்தை அசந்து தூங்கும். அந்த வாசனை இன்றைக்கும் எனக்கு அம்மா வாசனைதான். நான் அப்போது எம்.பி.பி.எஸ். முடித்து, குழந்தை மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்று பார்த்தேனே தவிர, வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் அடிதான் விழுந்திருக்கும்.

"ஒன்றும் ஆகவில்லை" என்கிறீர்களே, அதை ஒரு நிமிடம் யோசியுங்கள். உங்கள் பிள்ளைகள் வளர்ந்தது முற்றம் வைத்த வீட்டில், ஓட்டுக்கூரையின் இடுக்கெல்லாம் காற்று. பேத்தி வளர்வது கதவைச் சாத்தி ஏ.சி. போடும் அறையில். அன்றைக்குப் பொடித்துப் போட்டது மரப்பிசின். இன்று கடையில் கிடைக்கும் 'கப் சாம்பிராணி'யில் கரித்தூளும் வாசனைத் திரவியமும் என்னென்னவோ சேர்கின்றன. கரி சரியாக எரியாத மூடிய அறையில் துகளோடு கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் தங்கும். ஐந்து மாதக் குழந்தையால் "பாட்டி, கண் எரிகிறது, தள்ளி வை" என்று சொல்ல முடியாது.

தலைக்கு ஊற்றுவதை நிறுத்தச் சொல்லவில்லை. வெந்நீர் போடுங்கள், காலில் போட்டுத் தேய்த்து விடுங்கள், வெயிலில் காய்ந்த பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள். முடி காய அதுவே போதும். சாம்பிராணி சாமி அறைக்கு, குழந்தை வேறு அறையில் இருக்கும்போது, ஜன்னல் திறந்திருக்கும்போது. கூடவே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: மூக்கில் எண்ணெய் விடும் வழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். அது நேரே நுரையீரலில் இறங்கி நிமோனியா ஆகிப் படுத்த குழந்தைகளை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் மருமகள் சண்டை போட்டால் நான் அவள் கட்சி.

கேள்வி: எதற்கெடுத்தாலும் 'மாசு மாசு' என்பது இப்போது ஃபேஷனாகிவிட்டது. குளிர்காலத்தில் குழந்தைக்கு இருமல் வருவது உலக வழக்கம். துகளால்தான் வந்தது என்று யாராவது நிரூபித்திருக்கிறார்களா? தொழிற்சாலையை நிறுத்திப் பார்த்தார்களா என்ன? – ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், சேலம்

பதில்: நிறுத்திப் பார்த்தார்கள் சார். யாரும் திட்டம் போட்டு அல்ல, சம்பளத் தகராறில்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலம். சுற்றிலும் மலை, நடுவில் பள்ளத்தாக்கு, அதில் ப்ரோவோ, ஓரெம் என்று ஊர்கள், பக்கத்திலேயே ஜெனீவா ஸ்டீல் என்ற பெரிய உருக்காலை. குளிர்காலத்தில் அங்கே ஒரு வேடிக்கை நடக்கும். குளிர்ந்த காற்று தரையோடு படிந்துகிடக்க, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று ஏறிப் பாத்திரத்துக்குத் தட்டு போட்ட மாதிரி மூடிக்கொள்ளும். ஆலைப் புகை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றும். 1986 ஆகஸ்டில் தொழிலாளர் பிரச்சினையால் ஆலை மூடப்பட்டது. ஏறத்தாழ பதின்மூன்று மாதம் கழித்து, 1987 செப்டம்பரில் திறந்தார்கள். நடுவில் ஒரு முழுக் குளிர்காலம் ஆலை இல்லாமல் போனது.

அங்கே பல்கலைக்கழகத்தில் இருந்த ஆர்டன் போப் என்பவர் மருத்துவரே இல்லை, பொருளாதாரக்காரர். உங்களை மாதிரி எண்ணிக்கைப் பிரியர். ஆலை ஓடிய குளிர்காலம், மூடிய குளிர்காலம், மறுபடி ஓடிய குளிர்காலம் என்று வைத்துக்கொண்டு மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவேடுகளை எடுத்து எண்ணினார். 1989-இல் வெளியிட்டார். பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகள் மூச்சுக்குழல் அழற்சி, ஆஸ்துமா என்று படுக்கையில் சேர்ந்தது, ஆலை ஓடிய காலத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. துகள் அளவு அதிகமாக இருந்த மாதங்களில் சுவாச நோய்க்குக் குழந்தைச் சேர்க்கை கிட்டத்தட்ட மூன்று மடங்கு, பெரியவர்களுக்கு 44 சதவீதம்தான் கூடியது. குளிர் இரண்டு வருடமும் குளிர்தானே சார்? "சிகரெட்டாக இருக்கும்" என்று சொல்லவும் வழியில்லை. அந்த ஊரில் பெரும்பாலோர் மார்மன் சபையினர், புகையிலையைத் தொடமாட்டார்கள்.

எனக்கு இந்த ஆய்வின்மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. புதிய கருவி கிடையாது, கோடிக்கணக்கில் நிதி கிடையாது. பதிவேடு இருந்தது, எண்ணத் தெரிந்த ஒரு ஆள் இருந்தார். என் கிளினிக்கிலும் முப்பத்தோரு வருட நோட்டுகள் பரணில் கிடக்கின்றன. பாதியைக் கரையான் தின்றுவிட்டது.

ஒரே ஒரு ஊர் போதாது என்பீர்கள், கணக்கு வாத்தியார் அப்படித்தான் சொல்லவேண்டும். தெற்குக் கலிஃபோர்னியாவில் 12 ஊர்களை எடுத்தார்கள். சில ஊர்களில் காற்று மோசம், சில ஊர்களில் சுத்தம். 1993-இல் நாலாம் வகுப்பில் இருந்த 1,759 பிள்ளைகள். ஊதும் கருவியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போனார்கள். "நல்லா இழு, இப்போ முழுசா ஊது, விடாதே, விடாதே" என்று எட்டு வருடம், பிள்ளைகளுக்குப் பத்து வயதிலிருந்து பதினெட்டு ஆகும்வரை. முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்றை ஊதித் தள்ள முடிகிறது என்பதுதான் அளவு. அது இருக்கவேண்டியதில் 80 சதவீதத்துக்கும் கீழே போனால் நாங்கள் கவலைப்படுவோம். நுண்துகள் மிகக் குறைந்த ஊரில் அப்படி இருந்தவர்கள் 1.6 சதவீதம். மிக அதிகமான ஊரில் 7.9 சதவீதம். ஏறத்தாழ ஐந்து மடங்கு. பதினெட்டு வயதில் நுரையீரல் எவ்வளவு வளர்ந்ததோ அதுதான் முதலீடு சார், அதன்பின் பெரிதாகச் சேராது, ஆயுசு முழுக்கச் செலவுதான்.

இதற்கு இரண்டாம் பாகமும் உண்டு, அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கண் கலங்கியது. கலிஃபோர்னியாக்காரர்கள் டீசலுக்கும் வண்டிகளுக்கும் ஆலைகளுக்கும் விதிகளைக் கடுமையாக்கிக்கொண்டே போனார்கள். அதே பகுதியில் 1994, 1997, 2007 என்று மூன்று தலைமுறைப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். பதினைந்து வயதில் நுரையீரல் பலம் குறைந்தவர்கள் முதல் கூட்டத்தில் 7.9 சதவீதம், அடுத்ததில் 6.3, கடைசியில் 3.6. யாரும் அந்தப் பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கவில்லை. வீடு மாறச் சொல்லவில்லை. காற்று மாறியது, அவ்வளவுதான். திருவொற்றியூர் அம்மாவுக்கு நான் "உங்கள் குற்றமில்லை" என்று எழுதியது இதை மனதில் வைத்துத்தான்.

கேள்வி: நான் கிராம சுகாதார செவிலியர். விறகை விட்டு காஸுக்கு மாறுங்கள் என்று கர்ப்பிணிகளிடம் பத்து வருடமாகச் சொல்லிவருகிறேன். இப்போது காஸ் கொடுத்துப் பார்த்ததில் குழந்தை எடை கூடவில்லை என்று ஆய்வு வந்திருப்பதாக ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். அப்படியானால் நான் சொன்னதெல்லாம் பொய்யா? – விழுப்புரம் மாவட்ட வாசகி

பதில்: இந்த மாதத்தின் நல்ல கேள்வி உங்களுடையது சிஸ்டர். அந்த ஆய்வின் ஒரு பகுதி உங்கள் மாவட்டத்திலேயே நடந்தது, உங்களுக்கு நேரிலும் தெரிந்திருக்கலாம்.

குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகள். இந்தியாவில் விழுப்புரமும் நாகப்பட்டினமும்; நடத்தியது போரூர் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவப் பல்கலைக்கழகக்காரர்கள். பாதிப் பேருக்கு இலவச எல்.பி.ஜி. அடுப்பும், குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை தீரத்தீர சிலிண்டரும். மீதிப் பேர் வழக்கம்போல விறகு. கர்ப்பிணிகளின் மேல்துணியிலேயே சின்னக் கருவியை மாட்டி, அவர்கள் சுவாசிக்கும் இடத்துத் துகளை அளந்தார்கள். விறகு வீடுகளில் ஒரு கனமீட்டருக்கு 70 மைக்ரோகிராம், காஸ் வீடுகளில் 24. இது பெரிய வெற்றி. ஆனால் 2022-இல் முடிவு வந்தபோது, பிறந்த குழந்தைகளின் சராசரி எடை காஸ் பக்கம் 2,921 கிராம், விறகுப் பக்கம் 2,898. வித்தியாசம் சுமார் இருபது கிராம், தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய அளவு. 2024-இல் கடும் நிமோனியா பற்றிய முடிவும் வந்தது, அதிலும் சொல்லும்படி வித்தியாசமில்லை. படித்தபோது எனக்கும் முகம் தொங்கிப்போனது.

பிறகு பேப்பரும் பேனாவும் எடுத்தேன். இதே ஸ்ரீராமச்சந்திராவில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் 2018-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு உண்டு. தமிழ்நாட்டில் 1,285 தாய்மாரைக் கர்ப்ப காலம் முழுக்கப் பின்தொடர்ந்தது. நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் பிறப்பெடை சராசரியாக 4 கிராம் குறைகிறது என்றது. இப்போது பெருக்கிப் பாருங்கள். 70-லிருந்து 24-க்கு இறங்கினால் 46 குறைகிறது. பத்துக்கு நாலு என்றால் 18 கிராம். காஸ் ஆய்வில் கிடைத்தது இருபது! தற்செயலாகவும் இருக்கலாம், இதை வைத்து நான் எதையும் நிரூபிக்கவில்லை. ஆனால் இரண்டு ஆய்வுக்கும் சண்டை இல்லை என்று எனக்குப் படுகிறது. துகள் எடையைக் குறைக்கிறது, ஆனால் கொஞ்சமாக. நாம்தான் அடுப்பை மாற்றினால் கொழுகொழுவென்று பிள்ளை பிறக்கும் என்று எதிர்பார்த்துவிட்டோம். ரத்தசோகை, அம்மாவின் சாப்பாடு, இடைவெளி இல்லாத பிரசவம் என்று எடையைப் பிடித்து இழுக்கும் கைகள் நிறைய. ஒரு கையை விடுவித்தால் மற்றவை விட்டுவிடாது.

இன்னொன்று. காஸ் வீட்டில் 24 ஆனது என்றேனே, உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன ஆண்டுச் சராசரி அளவு 5. அடுப்பு சுத்தமானாலும் பக்கத்து வீட்டு விறகும், தெருக் குப்பை எரிப்பும், ரோடும் அப்படியேதானே இருக்கின்றன.

ஆகவே நீங்கள் சொன்னது பொய்யில்லை. இனிமேல் "பிள்ளை எடை கூடும்" என்று ஆசை காட்டாமல், "கண் எரியாது, இருமல் குறையும், விறகுக்கு அலைய வேண்டாம், துகள் மூன்றில் ஒரு பங்காகும்" என்று சொல்லுங்கள். சிலிண்டர் வாங்கக் காசில்லாத வீட்டில் அந்தப் பேச்சை எடுக்காமல், அடுப்பை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்ற முடியுமா, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊதுகுழல் ஊதாமல் இருக்க முடியுமா என்று பாருங்கள். இதெல்லாம் நான் சொல்லி உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை.

கேள்வி: ஒரே நேரம், ஒரே இடம். காற்றுத் தரம் காட்டும் ஒரு ஆப் 'திருப்திகரம்' என்று பச்சை காட்டுகிறது. இன்னொன்று 'ஆரோக்கியமற்றது' என்று சிவப்பு. எதை நம்பி என் தங்கையை விளையாட அனுப்புவது? – கல்லூரி மாணவர், கோவை

பதில்: தம்பி, இரண்டும் ஒரே காற்றைத்தான் பார்க்கின்றன, மார்க் போடும் வாத்தியார்தான் வேறு. ஒரு கனமீட்டர் காற்றில் நுண்துகள் 58 மைக்ரோகிராம் என்று வை. நம் நாட்டுக் கணக்கில் 31 முதல் 60 வரை 'திருப்திகரம்', ஆகவே காற்றுத் தரக் குறியீடு 97 என்று வரும். அமெரிக்கக் கணக்கில் 55 மைக்ரோகிராமைத் தாண்டினாலே சிவப்பு, குறியீடு 150-க்கு மேல் காட்டும். நம் 24 மணிநேர வரம்பு 60, 2009-இல் வைத்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. 'திருப்திகரம்' என்பதற்குக் கீழே அரசே பொடி எழுத்தில் "நோய் எளிதில் தாக்கக்கூடியவர்களுக்குச் சிறு மூச்சுச் சிரமம் ஏற்படலாம்" என்று போட்டிருக்கிறது. யாருக்குத் திருப்தி என்று நானும் யோசித்திருக்கிறேன்.

நிறத்தை விட்டுவிட்டு உள்ளே போய் மைக்ரோகிராம் எண்ணைப் பார்க்கப் பழகு. தங்கைக்கு ஆஸ்துமா இல்லையென்றால் விளையாடட்டும். வீட்டில் அடைத்துப் போட்டு ஃபோன் கொடுப்பது அதைவிடக் கெடுதல். காலை நேரம் புகையும் பனியும் தரையோடு கிடக்கும், மாலை நாலு மணி பரவாயில்லை. மெயின் ரோட்டை ஒட்டிய மைதானம் என்றால் வேறு இடம் தேடு.

கேள்வி: ஏர் ப்யூரிஃபையர் வாங்கலாமா? அல்லது மணி பிளான்ட் வைத்தால் போதுமா? மகளுக்கு என்-95 மாஸ்க் போடலாமா? – அண்ணா நகர் வாசகர்

பதில்: செடி அழகுக்கு வையுங்கள். காற்றைச் சுத்தம் செய்யும் என்ற கதை 1989-இல் நாசா மூடிய பெட்டிக்குள் சில வாயுக்களை வைத்துச் செய்த சோதனையிலிருந்து கிளம்பியது. அது துகள் பற்றியதே அல்ல. அந்த வாயுக்களுக்கே, ஜன்னல் திறந்து மூடும் காற்றோட்டத்துக்கு ஈடாகச் செடி வேலை செய்யவேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வேண்டும் என்று 2019-இல் கணக்குப் போட்டுவிட்டார்கள். அப்புறம் மகள் எங்கே படுப்பாள்?

ப்யூரிஃபையரில் ஹெப்பா வடிகட்டி இருந்தால் துகளைப் பிடிக்கும், அது நிஜம். வடிகட்டியை மாற்றும் செலவையும் சேர்த்து யோசியுங்கள். அயனி, ஓசோன் என்று விளம்பரம் செய்வதை வாங்காதீர்கள், ஓசோனே நுரையீரலுக்கு எரிச்சல். மெஷினை ஓடவிட்டு அதே அறையில் ஊதுவத்தி ஏற்றும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். மாஸ்க் பெரியவர் முகத்துக்குச் செய்தது. குழந்தைக் கன்னத்தில் இடைவெளி விட்டால் காற்று அந்த வழியாகத்தான் போகும்.

கேள்வி: காற்று மாசால் ஒருவர் இறந்தார் என்று எங்காவது சட்டப்படி எழுதியிருக்கிறார்களா? – சட்டக் கல்லூரி மாணவி, மதுரை

பதில்: லண்டனில் எழுதினார்கள். எல்லா அடூ-கிஸி-டெப்ரா என்ற சிறுமி, ஒன்பது வயது. லூயிஷம் பகுதியில், வண்டி ஓயாத சவுத் சர்க்குலர் சாலையருகே வீடு. கடும் ஆஸ்துமா; மூன்று வருடத்தில் முப்பது தடவைக்குப் பக்கமாக மருத்துவமனை. 2013 பிப்ரவரியில் இறந்தாள். அவள் அம்மா ரோஸமண்ட் விடவில்லை. இரண்டாவது விசாரணை நடந்து, 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி ஃபிலிப் பார்லோ, இறப்புக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று தீர்ப்பெழுதினார். அந்த நாட்டில் அதுவே முதல் தடவை.

சட்டம் படிக்கிறவள் நீ, அந்தத் தீர்ப்பின் இன்னொரு வரியையும் பார். மாசால் வரும் ஆபத்தைப் பற்றி அந்த அம்மாவுக்கு யாருமே சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவர் ஏதாவது செய்து குழந்தையைக் காப்பாற்றியிருக்கக்கூடும் என்கிறது. 'யாருமே' என்பதில் மருத்துவர்களும் சேர்த்தி. அதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது அந்தப் பாட்டியும், நான் எழுதிய ஏழு சீட்டும்.

கேள்வி: போகிக்குப் பழையதை எரிக்காமல் என்ன செய்வது? சம்பிரதாயம் ஆயிற்றே. – மயிலாப்பூர் வாசகர்

பதில்: சம்பிரதாயத்தில் கிழிந்த பாயும் துடைப்பமும்தான் இருந்தன. டயரும் பிளாஸ்டிக் குடமும் எந்த சாஸ்திரத்தில்? 2018 போகியன்று காலை பனியோடு புகை சேர்ந்து சென்னையில் விமானம் இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். விமானத்துக்கே அந்தக் கதி. அன்று மதியம் என் கிளினிக் பெஞ்சில் இடமில்லாமல் நின்றுகொண்டே நெபுலைசர் பிடித்த குழந்தைகள் உண்டு. பழைய துணியைத் துப்புரவுப் பணியாளரிடம் பிரித்துக் கொடுத்துவிட்டு, மேளம் மட்டும் அடியுங்கள்.

கேள்வி: எல்லாருக்கும் அறிவுரை சொல்கிறீர்களே, உங்கள் வீட்டில் என்ன கொளுத்துவீர்கள்? – குரோம்பேட்டை குறும்புக்காரி

பதில்: சாயந்திரம் ஒரு விளக்கு. கார்த்திகைக்கு வாசலில் பதினோரு அகல். தீபாவளிக்குப் பேரனோடு ஐந்து கம்பி மத்தாப்பு, அதுவும் அவன் அழுததால். கொசுவுக்கு வலைதான், இரட்டைக் கட்டில் வலை. போன வாரம் அதில் ஓரமாக ஒரு ஓட்டை விழுந்து, கணுக்காலில் எட்டு இடத்தில் கடி. ஊசி நூல் எடுத்து வைத்திருக்கிறேன், இதை எழுதி முடித்ததும் தைக்கவேண்டும்.